காற்று வாங்க

தஞ்சோங் காராங் கடைவீதியில் சைஃபுதீன் தன் கடையிலிருந்து இரண்டு சைக்கிள்களை வாசலுக்கு உருட்டி வந்து நிறுத்தினார். ஒன்று கறுப்பு. குழாய்களை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து நசுக்கியதுபோல் தட்டையான ஏரோ ஃபிரேம். மற்றது சிவப்பு, எல்லாரும் பார்த்துப் பழகிய உருண்டைக் குழாய்.

“கறுப்பு காத்த வெட்டும் தங்கச்சி. செவப்பு எடை கம்மி, மேடு ஏற நல்லது. இங்க மேடு ஏது? கோல சிலாங்கூர்ல இருக்கிறது ஒரே குன்னு, அந்த புக்கிட்டுல கொரங்குதான் ஏறுது.”

வாங்க வந்த தனேஸ்வரியின் கண் கறுப்பை விட்டு நகரவில்லை. கையுறை ஆலையில் நின்று வேலை செய்துகொண்டே அவள் மனத்தில் ஓட்டிய வண்டி அது.

துணைக்கு வந்த கொழுந்தன் செல்வா சிரித்தான். அவன் வைத்திருப்பதும் ஏரோதான். “அண்ணி, ஏரோ முன்னால போறவனுக்கு. நீங்க ஞாயித்துக்கெழம என் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுதானே வர்றீங்க? அங்க காத்தே இல்ல. எத வெட்டப் போறீங்க?”

அவன் சொன்னது உண்மை. அதுதான் சுட்டது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் யாரும் அவளை முன்னால் விட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

“ரெண்டையும் ஓட்டிப் பாக்கறேன் பாய்.”

வயலுக்குத் தண்ணீர் போகும் தாலி ஆயர் வாய்க்கால் கரையில் கறுப்பை ஓட்டினாள். எதிர்க்காற்றில் வழுக்கிக்கொண்டு போனது. கடல் பக்கமிருந்து காற்று அடித்ததும் தட்டைக் குழாய் பாய்மரமாகி அவளைத் தண்ணீர்ப் பக்கம் தள்ளியது. திரும்பி வந்து சிவப்பை எடுத்தாள். இந்த முறை செல்வாவும் தன் வண்டியில் வந்தான், வழக்கம்போல் முன்னால்.

கரையோரம், சூப்புக்கு விற்கும் பறவைக்கூட்டுக்காகக் கட்டிய சன்னலில்லாத உயரக் கட்டடங்கள். கட்டடம் மறைக்கும்வரை காற்றில்லை. இடைவெளி வந்ததும் பக்கவாட்டில் ஓர் அறை. முதல் இடைவெளியில் செல்வாவின் வண்டி ஆடியது. அடுத்ததில் அவன் தண்ணீரைப் பார்த்து பிரேக் பிடித்தான். காற்று அவளையும் அறைந்தது, தோளில். சிவப்பு வண்டி ஆடவில்லை. அவள் பிரேக்கைத் தொடாமல் அவனைத் தாண்டினாள்.

கட்டடங்கள் முடிந்தன. மிச்சக் காற்று முழுதும் அவள் மேல் விழுந்தது. கனமாக இருந்தது. யாருக்கும் பங்கு கொடுக்கத் தோன்றாத கனம்.

“அண்ணி! கொஞ்சம் மெதுவா லா! எங்க போறீங்க?”

“காத்து வாங்க!”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சாய்ந்த வெயிலில் வயல்மேல் இரண்டு நிழல்கள் ஓடின. முன்னால் அவளுடையது. காற்றை வெட்டப் பிறந்த ஏரோ, முடிந்தவரை ஒட்டி, அதன் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தது.