நோலீன் விட்டுவந்த முயல்கள்

நோலீனுக்கு எதையும் கொல்ல வராது. சிலந்தியைக்கூடத் தம்ளரால் மூடி, வெளியே கொண்டுபோய் விடுகிறவள். முயல்கள் அவளுடைய பட்டாணிச் செடிகளைத் தரையோடு கடித்துப்போட்ட அந்த வசந்தத்தில், விஷமும் வேண்டாம் துப்பாக்கியும் வேண்டாம் என்று ஒரு கம்பிக்கூண்டு வாங்கினாள். உள்ளே ஆப்பிள் வைப்பாள். முயல் விழுந்தால் ஒன்றிரண்டு நாள் கையால் கீரை ஊட்டிவிட்டு, கூண்டின்மேல் பழைய போர்வையைப் போட்டு, காரில் பதினைந்து கிலோமீட்டர் கொண்டுபோவாள். அந்த நாட்டில் முயல் என்றால் பயிரழிக்கும் பீடை; பிடித்ததை மறுபடி வெளியே விடக்கூடாது என்பது சட்டம். அது அவளுக்கும் தெரியும். ஆனால் சட்டம் அந்த முயலின் கண்ணைப் பார்த்ததா என்ன?

ஓடைக்கு அக்கரையில், புதர்க்காட்டில் திறந்துவிடுவாள். இக்கரையில் அண்ணன் மெர்வின் பண்ணை. நடுவில்தான் தண்ணீர் ஓடுகிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த அண்ணன் அவளோடு ஆறு வருடம் பேசாமல் இருந்தவர். அம்மாவின் வீட்டை விற்றபோது வந்த மனக்கசப்பு. இந்த வருடம்தான் ஞாயிறுதோறும் தேநீருக்கு வர ஆரம்பித்திருந்தார். வாரம் முழுக்க அவள் காத்திருந்தது அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான், பாவம்.

பிப்ரவரி, அங்கே உச்சக் கோடை. ஒரு ஞாயிறு, மெர்வ் எப்போதும் கூட வரும் நாய் இல்லாமல் வந்தார்.

"பிப் எங்கே?"

"புதைச்சிட்டேன்."

தோட்டத்து மேசையில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றாமலே சொன்னார். "மூணு வருஷமா வளையெல்லாம் இடிச்சு, ஒரு முயல் இல்லாம வெச்சிருந்தேன். ஓடை வத்திச்சு, அக்கரையிலேருந்து முயலுங்க வந்துடுச்சு. நட்ட கன்னு அத்தனையும் போச்சு. மருந்து வெச்சேன். பிப்பைக் கட்டித்தான் போட்டிருந்தேன். அவுத்துக்கிட்டுப் போய் செத்த முயலைத் தின்னுடுச்சு. என்ன முயலோ அது! ஆளைப் பாத்தா ஓடல. கீரை குடுப்பேன்னு நிக்குது."

நோலீன் ஸ்கோன் ரொட்டியில் ஜாம் தடவினாள். தடவிய இடத்திலேயே மறுபடியும் தடவினாள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு டிரிஷ் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். "நோலீன் கண்ணு! இன்னைக்கு உன் டாக்ஸிக்கு லீவா? ஓடைப் பக்கம் போக முயல் ஒண்ணும் கிடைக்கலயா?"

மெர்வ் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எத்தனை?"

"பதினொண்ணு."

"அதுல பொட்டை எத்தனை?"

"பாக்கல."

"பாக்கல."

"நான் ஒண்ணைக்கூடக் கொல்லல, மெர்வ்."

"ஆமா. அந்த வேலையை எனக்கு விட்டுட்ட."

எழுந்து நடந்தார். அவள் பின்னாலேயே ஓடி, வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை வருவல்ல?"

அவர் முன்கண்ணாடி வழியாக நேராகப் பார்த்தபடி இருந்தார். "ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை இருக்கு. உன் முயலுங்க இருக்கே. கையை எடு."

எடுத்தாள்.

"ஐயோ, நான் ஏதாவது தப்பா உளறிட்டேனா?" என்று வேலியருகே நின்று கேட்டாள் டிரிஷ்.

"இல்ல, நீ உள்ள போ," என்றாள் நோலீன்.