சுப்புராயன் போட்ட கையெழுத்து

கிரெடிட் கார்டு கைக்கு வந்தபோது கருணாகரனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஈக்காட்டுத்தாங்கலில் பம்புசெட் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். டை கட்டிய ஓர் இளைஞன் கேன்டீனுக்கே வந்து, மொத்த கம்பெனியிலும் நாலு பேரிடம் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். அந்த நாலு பேரில் தானும் ஒருவர் என்று, மயிலாப்பூர் வீட்டுக்கு வந்ததும் மனைவி சீதாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கொஞ்ச காலம் அது பர்ஸிலேயே கிடந்தது. பிறகு சீதாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று அடையாறில் ஒரு நர்சிங் ஹோமில் ஆபரேஷன். கையில் ரொக்கம் இல்லை. கார்டை நீட்டினார், தேய்த்துவிட்டு ரசீது கொடுத்தார்கள். அன்றைக்கு அந்த பிளாஸ்டிக் அட்டை தெய்வம் மாதிரி தெரிந்தது. அதற்குப் பிறகு மகளின் காலேஜ் ஃபீஸ். சீதா குனிந்து துணி துவைக்கக்கூடாது என்று ஒரு வாஷிங் மெஷின். சம்பளம் பத்தாத மாதங்களில் மருந்து, மளிகை.

பில்லில் குறைந்தபட்சம் எவ்வளவு கட்டச் சொல்லியிருந்ததோ அதை மட்டும் கட்டிவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சீதா பில்லை வாங்கிப் பார்த்தாள். அவள் பத்தாவது வரைதான் படித்தவள். ஆனால் வீட்டுக் கணக்கு அவள் கையில்தான் இருந்தது.

"ஏங்க, மாசம் ரெண்டாயிரம் கட்டறோம். அதுல ஆயிரத்து இருநூறு வட்டிக்கே போயிடுது. இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

அவர் பேப்பரை மடித்து வைத்தார். மாதாமாதம் புதுச் செலவும் சேர்ந்து நாற்பதாயிரம் நாற்பதாயிரமாகவே நிற்பது அவருக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொன்னால் நிஜமாகிவிடுமோ என்றுதான் சொல்லாமலிருந்தார்.

வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்ப்போம் என்று இருவரும் தி.நகரில் இருந்த அந்த பேங்குக்குப் போனார்கள். ஏஸி குளிரில் சீதா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"வட்டியெல்லாம் பம்பாய்ல முடிவு பண்றது சார். இங்க யாரும் கை வைக்க முடியாது. வேணும்னா உங்க லிமிட்டைக் கூட்டித் தர எழுதிப் போடறேன்."

வெளியே வந்ததும் சீதா சிரித்துவிட்டாள். "குழியில விழுந்தவனுக்கு இன்னும் கொஞ்சம் வெட்டித் தரேங்கறாளே!"

அவள்தான் கம்பெனியின் கூட்டுறவுக் கடன் சொசைட்டியை ஞாபகப்படுத்தினாள். அங்கே வருஷத்துக்கே பதினாலு சதவீதம்தான் வட்டி. அங்கே வாங்கி இங்கே அடைத்துவிட்டால், வட்டிக்குப் போகும் பணத்தில் பாதிக்கு மேல் அசலுக்குப் போகும். ஜாமீனுக்கு மட்டும் ஒரு ஆள் வேண்டும்.

கருணாகரன் சுப்புராயனிடம் போனார். சுப்புராயன் ஃபிட்டர். சைதாப்பேட்டையில் ஆற்றோரம் சொந்தமாக ஒரு சின்ன வீடு. இருபது வருஷத்துக்கு மேலாக இருவரும் ஒரே ஷெட்டில் வேலை. டீக்கடையில் கருணாகரன் எங்கெங்கோ சுற்றி விஷயத்துக்கு வந்தார்.

"இன்னா கருணா, இதுக்கா இவ்ளோ நேரம் இழுத்துக்கினு கீறே? எங்க போடணும் சொல்லு."

"ஒரு தடவை படிச்சுட்டுப் போடு, சுப்பு."

"நீ படிச்சேல்ல? போதும்." டீ கிளாஸை ஓரமாக வைத்துவிட்டு, அவர் பெஞ்சிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

கார்டு கடன் அடைந்தது. சீதா துணி வெட்டும் கத்தரிக்கோலால் கார்டை நாலு துண்டாக வெட்டினாள். அன்று பாயசம் வைத்தாள். சொசைட்டித் தவணை சம்பளத்திலேயே பிடித்தமானது. எட்டு மாதம், கருணாகரன் ஒழுங்காகத் தூங்கினார்.

தொண்ணூற்றெட்டில் கம்பெனிக்கு ஆர்டர் வற்றியது. சம்பளம் முதலில் பத்தாம் தேதிக்குத் தள்ளிப்போனது, அப்புறம் பாதியானது, அப்புறம் வரவே இல்லை. ஐம்பதைத் தாண்டியவர்கள் செட்டில்மென்ட் வாங்கிக்கொண்டு போகலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கருணாகரனுக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. சுப்புராயன் எழுதிக் கொடுத்துவிட்டார். மகள் ஷீலாவுக்கு ஆவணியில் கல்யாணம் முடிவாகியிருந்தது.

அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது சுப்புராயனின் மனைவி பாஞ்சாலி மயிலாப்பூருக்கு வந்தாள். பத்திரிகை வைக்க வந்திருக்கிறாள் என்று சீதா சந்தோஷமாக எதிர்கொண்டாள். பாஞ்சாலி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"நான் வந்தது அவருக்குத் தெரியாதுண்ணா. உங்களாண்ட கேக்கவே கூடாதுன்னு சொல்லிக்கீறாரு."

"என்ன பாஞ்சாலி?"

"செட்டில்மென்ட்டு துட்டுல முப்பத்திரண்டாயிரம் புடிச்சிக்கினாங்கோ. சொசைட்டில உங்க லோனு கட்டாம நிக்குதாம். ஜாமீன் போட்டவன்தான் கட்டணும்னு சொல்ட்டாங்களாம். கல்யாணத்துக்குன்னு வெச்சிருந்ததுண்ணா அது. எப்ப குடுப்பீங்க?"

சண்டையாகக் கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது போல அவள் கேட்டாள். கருணாகரன், "குடுத்துடறேன்மா" என்றார். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் சொசைட்டி செகரெட்டரியிடம் கத்தினார். "கடன் வாங்கினவன் நான் குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். அவன்கிட்ட ஏன்யா பிடிச்சீங்க?"

"உங்ககிட்ட பிடிக்கறதுக்கு சம்பளமே இல்லையே சார். அவர்தான் கணக்கு முடிச்சுட்டுப் போறாரு, அவர்கிட்ட பணம் இருக்கு. ரூல் அப்படி. நான் என்ன பண்ணட்டும்?"

கோபாலபுரத்தில் வசதியாக இருந்த அண்ணனிடம் போனார். "கார்டை வெச்சுட்டுக் கண்டபடி செலவு பண்ணினப்போ என்னைக் கேட்டியா?" என்றார் அண்ணன். அண்ணி மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தார். சீதாவிடம் மிச்சமிருந்த இரண்டு வளையல்களை அடகு வைத்ததில் எட்டாயிரம் கிடைத்தது.

அப்புறம் ஒரு நாள், சீதாவிடம் சொல்லாமல் தி.நகருக்கு பஸ் ஏறினார். அதே கவுன்டர், அதே பெண்.

"நான் உங்க பழைய கஸ்டமர்மா. மொத்தமும் கட்டி முடிச்சவன். எனக்கு அந்த கார்டைத் திரும்பக் குடுங்க. ரொக்கமா எடுத்துக்கறேன். வட்டி எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை."

"கடைசி மூணு மாச சம்பள ஸ்லிப் கொண்டு வந்திருக்கீங்களா சார்?"

"சம்பளம் வரலைம்மா. அதனாலதான் கேக்கறேன்."

அந்தப் பெண் சட்டென்று பேனாவை எடுத்துத் திறந்து மூடினாள். "சாரி சார்" என்று மெல்லச் சொன்னாள். பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். கருணாகரன் நகர்ந்து வழிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சீதாவிடம் சொன்னார். அவள் கோபப்படவில்லை.

"குடுத்திருந்தா வாங்கியிருப்பீங்களா?"

"வாங்கியிருப்பேன்."

"நானும் வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள் அவள்.

கல்யாணம் சைதாப்பேட்டையில் தெருவை அடைத்துப் போட்ட பந்தலில் நடந்தது. மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்கிவிட்டார்களாம். சுப்புராயன் புது வேட்டியில் ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். கருணாகரன் கவரை நீட்டினார். "எட்டுதான் சுப்பு. மீதியை..."

"அப்பால பாத்துக்கலாம்பா, இப்ப இன்னா அவசரம்" என்று சுப்புராயன் ஒரு தடவை தள்ளினார். இரண்டாம் தடவை நீட்டியபோது வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை என்பது கருணாகரனுக்கு அப்போதுதான் உறைத்தது.

பந்தியில் பரிமாறிக்கொண்டே வந்த பாஞ்சாலி சீதாவின் பக்கம் குனிந்தாள். "பத்து வட்டிக்கு வாங்கிக்கீறாருக்கா. வூட்டுப் பத்திரத்தக் குடுத்துட்டாரு." நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய். கருணாகரன் காதிலும் அது விழுந்தது. இலையில் வைத்த சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். எதிரே நின்ற சுப்புராயன், "இன்னா கருணா, ஒண்ணுமே சாப்புடல?" என்று அதட்டி இன்னொரு வடையை வைக்கச் சொன்னார்.

கார்த்திகையில் கம்பெனியை இழுத்து மூடினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. கருணாகரன் பாண்டி பஜாரில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கெழுதப் போனார். சம்பளம் வந்ததும் எழுநூறு ரூபாயை எடுத்துக்கொண்டு நேராக சைதாப்பேட்டைக்குத்தான் போவார். அது வட்டிக்கே காணாது என்று இருவருக்கும் தெரியும். சுப்புராயன் வாங்கிக்கொள்வார். கொஞ்ச நேரம் ஷீலாவைப் பற்றிப் பேசுவார்கள்.

பங்குனியில் போனபோது வீட்டு வாசலில் வேறு யாருடைய சைக்கிளோ நின்றது. எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அவுங்க காலி பண்ணிட்டாங்க சார். வட்டிக்காரன் வூட்ட எய்தி வாங்கிக்கினான்."

"எங்க போனாங்க?"

"ஆருக்குத் தெரியும்? விடியறதுக்கு முன்னாடியே வண்டி வெச்சினு போய்ட்டாங்கோ."

ஷீலாவின் மாமனார் ஊர் என்னவென்று அவர் கேட்டதே இல்லை. தெருமுனை டீக்கடையில் விசாரித்தார், ரேஷன் கடையில் விசாரித்தார். இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்து பணத்தை சீதாவிடம் கொடுத்தார்.

"இதை என்ன பண்ணட்டும்?" என்று அவள் கேட்டாள்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அடுத்த மாதச் சம்பளத்திலும் எழுநூறு ரூபாயைத் தனியாக எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கி, முந்தைய எழுநூறோடு சேர்த்து வைத்தாள்.