முதல் மாடிக் கதவும் மூன்றாம் மாடி எக்ஸ்ரேயும்

ஸ்லோவேனியாவின் மாரிபோரிலிருந்து கடல் உயிரியல் படிக்க ஸ்பெயினின் காதிஸ் நகருக்கு வந்த நேஷாவுக்கு ஸ்பானிஷ் தெரியும். வந்து இறங்கும்வரை அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள். பள்ளியில் மொழித் தேர்வில் அவள்தான் முதல். ஆனால் காதிஸ்காரர்கள் சொல்லில் பாதியை வாயிலேயே வைத்துக்கொண்டு மீதியைத்தான் வெளியே விடுவார்கள். ரொட்டிக்கடையில் ஒன்று கேட்டால் வேறொன்று வரும். அதையும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வருவாள். வகுப்பு, அறை, வகுப்பு என்று ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. வாயைத் திறக்காமலே ஒரு நாளைக் கழிக்கும் வித்தை அவளுக்குக் கைவந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனால் திரும்பி வரப்போவதில்லை என்று மனதுக்குள் முடிவும் கட்டியிருந்தாள்.

அவள் குடியிருந்தது ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடி. லிஃப்ட் கிடையாது. நடுவே கிணறு மாதிரி ஒரு முற்றம், அதன் குறுக்கே மாடிக்கு மாடி துணிக்கொடிகள். லெவாந்தே என்கிற கீழ்க்காற்று எழுந்துவிட்டால் அந்த ஊரில் ஆளுக்கே பித்துப் பிடிக்கும் என்பார்கள், துணி எம்மாத்திரம். அந்த சனிக்கிழமை காலை அவளுடைய காற்சட்டை துணிக்கவ்வியோடு பிய்த்துக்கொண்டு பறந்து, முதல் மாடிக் கொடியில் போய்த் தொங்கியது.

சொல்ல வேண்டியதைப் படியிறங்கும்போதே மனப்பாடம் செய்துகொண்டு நேஷா கதவைத் தட்டினாள். திறந்தவள் மிலாக்ரோஸ். நகரப் பேருந்து ஓட்டுபவள். ஐம்பதைத் தாண்டிய, வாட்டசாட்டமான பெண். அன்று விடுமுறை. தலை முழுக்கச் சாயத்தை அப்பி, தோளில் பழைய துண்டு போட்டிருந்தாள். உள்ளே அடுப்பில் கொண்டைக்கடலையும் எலும்பும் கொதிக்கும் வாசனை.

"மன்னிக்கவும். எனது காற்சட்டை தங்கள் கொடியில் விழுந்துள்ளது" என்றாள் நேஷா.

மிலாக்ரோஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏம்மா, நீ கோர்ட்டுலயா வேலை பாக்குற?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் காற்சட்டையை எடுத்துவந்தாள். கவ்வியைக் கண்ட கடையில் வாங்கக் கூடாது, சந்தைக்குப் பின்னால் ஒரு கடை இருக்கிறது என்று வழி சொல்ல ஆரம்பித்தவள், கையை நீட்டிக் காட்டும் சுவாரசியத்தில் வெளியே நடைக்கே வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து முற்றத்துக் காற்று வீட்டுக்குள் புகுந்து, கதவைப் படாரென்று அறைந்து சாத்தியது.

தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. சாவியும் போனும் உள்ளே. அடுப்பு எரிகிறது, தலையில் சாயம் ஊறுகிறது.

நேஷா தன் போனை நீட்டினாள். பூட்டுக்காரன் மத்தியானத்துக்கு மேல்தான் வர முடியும் என்றான். மிலாக்ரோஸ் போனை மூடிவிட்டு வேறொரு வழி சொன்னாள். பேச்சு நேஷாவுக்குப் பிடிபடவில்லை. அதனால் மிலாக்ரோஸ் நெஞ்சைச் சுவரோடு ஒட்டி, மூச்சை இழுத்து நிறுத்தி, விரலால் 'க்ளிக்' என்று காட்டினாள். எக்ஸ்ரே. அந்த ஃபிலிமைக் கதவிடுக்கில் சொருகினால் பூட்டின் நாக்கு விலகும்.

"நீயே போய்க் கேட்டு வாம்மா. இந்தத் தலையோட நான் எவன் வீட்டுப் படியும் ஏற மாட்டேன். சாயம் இல்லாட்டியும் ஏற மாட்டேன்."

லிஃப்ட் விவகாரம். முதல் மாடியில் இருக்கிறவள் எதற்குப் புதிதாக லிஃப்ட் வைக்கப் பங்கு தரவேண்டும் என்று குடியிருப்போர் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் எதிர்த்து நின்றாள், திட்டம் அப்படியே நின்றுபோனது. அன்றிலிருந்து கட்டடத்தில் யாரும் அவளோடு பேசுவதில்லை.

இரண்டாம் மாடியில் ஃபவுஸ்தினோ என்ற ஓய்வுபெற்ற கப்பல்பட்டறைத் தொழிலாளி. எக்ஸ்ரேக்கு ஸ்பானிஷில் 'ரேடியோகிராஃபியா' என்று பெயர், நேஷா பதற்றத்தில் அந்தச் சொல்லைப் பாதியில் விழுங்கினாள். அவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போய் ஒரு ரேடியோவைக் கொண்டுவந்து கொடுத்தார். பேட்டரி புதுசு என்றும் சொன்னார். வெட்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு நேஷாவும் சுவரோடு நெஞ்சை ஒட்டி, மூச்சைப் பிடித்து, 'க்ளிக்' என்றாள். கிழவர் சிரித்துச் சிரித்துக் கதவைப் பிடித்துக்கொண்டார். இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டரிலேயே பார்த்துக்கொள்கிறார்கள், யார் கையில் ஃபிலிம் தருகிறார்கள், மூன்றாம் மாடி அங்குஸ்தியாஸைக் கேள், அவள் எதையும் தூக்கிப் போடமாட்டாள் என்றார்.

அங்குஸ்தியாஸ் கைத்தடியோடு வந்து கதவைத் திறந்தாள். அவளிடம் இருந்தது. அலமாரிக்குப் பின்னாலிருந்து பெரிய உறையை இழுத்தவள், கொடுக்குமுன் கேட்டாள்.

"யார் வீட்டுக் கதவுக்கு?"

என் வீட்டுக் கதவுதான் என்று சொல்லியிருக்கலாம். அதற்கான வாக்கியம் நேஷாவுக்கு நன்றாகவே தெரியும். "முதல் மாடி மிலாக்ரோஸ் அவர்களின் கதவு" என்றாள். "அவரது அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. தலையும்."

அங்குஸ்தியாஸ் கைத்தடியைச் சுவரில் சாய்த்தாள். உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் கம்பியையும் மறு கையால் நேஷாவின் தோளையும் பிடித்து, படிப்படியாக இறங்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடித்தாள். வாரம் ஒருமுறைதான் அவள் கீழே இறங்குவாள் என்பது நேஷாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதல் மாடியில் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். கருகல் வாசனை வரத் தொடங்கியிருந்தது.

"தலையில என்னடி, தார் ஊத்தியிருக்க?" என்றாள் அங்குஸ்தியாஸ்.

"மஹாகனி கலர்னு போட்டிருந்தான்" என்றாள் மிலாக்ரோஸ், குனிந்தபடி.

உறையிலிருந்து வந்தது இடுப்பெலும்புப் படம். மிலாக்ரோஸ் தோளால் கதவை முட்டினாள். நேஷா ஃபிலிமை இடுக்கில் சொருகி, மேலிருந்து கீழாக இழுத்தாள். வளைந்தது, சிக்கியது, திரும்ப வெளியே வந்தது. "பயப்படாம இழு, ஏற்கெனவே உடைஞ்ச இடுப்புதான்" என்றாள் அங்குஸ்தியாஸ். அடுத்த இழுப்பில் டக்கென்று ஒரு சத்தம், கதவு திறந்து மிலாக்ரோஸ் உள்ளே போய் விழுந்தாள்.

குழம்பு அடிப்பிடித்திருந்தது, மேலே இருந்தது பிழைத்தது. தலையை அலசிவிட்டு வந்தபோது மஹாகனி கேரட் நிறமாகியிருந்தது. மூவரும் அடுக்களை மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நேஷாவுக்குப் பாதி புரிந்தது. புரியாததைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். அவர்களும் சலிக்காமல் இன்னும் உரக்கச் சொன்னார்கள். மிலாக்ரோஸின் பார்வை கதவோரம் சாய்த்து வைத்திருந்த படத்துக்கே போய்ப் போய் வந்தது.

"வலி ரொம்பவா?" என்று கேட்டாள்.

"ஏறும்போதுதான்."

மிலாக்ரோஸ் ரொட்டியால் தட்டைத் துடைத்தாள். "அடுத்த கூட்டம் எப்போ?"

"செவ்வாக்கிழமை."

 சாப்பிட்டு முடித்ததும் அங்குஸ்தியாஸின் ஒரு பக்கம் மிலாக்ரோஸ் கைகொடுக்க, மறுபக்கம் நேஷா பிடிக்க, நின்று நின்று மூன்றாம் மாடி ஏறினார்கள்.

மறு சனிக்கிழமை காலை அங்குஸ்தியாஸ் கணவாய் மீன் வாங்கிவர நேஷாவை அனுப்பினாள். மீனின் கண் கலங்கியிருந்தால் வாங்காதே, ஏமாந்து வராதே என்று ஆயிரம் சொல்லித்தான் அனுப்பினாள். மீன் சந்தையில் வரிசை என்று ஒன்று இருக்காது. கூட்டமாகத்தான் நிற்பார்கள், வருகிறவர் கேட்டுத் தெரிந்துகொண்டு தன் முறையைப் பிடிக்க வேண்டும். இத்தனை நாளும் அதைக் கேட்கப் பயந்தே நேஷா பெட்டியில் அடைத்த மீனை வாங்கித் தின்றுகொண்டிருந்தாள்.

கூட்டத்தின் பின்னால் போய் நின்று, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சந்தை இரைச்சலுக்கு மேலாகக் குரல் கொடுத்தாள்.

"கடைசி ஆளு யாருங்க?"

ஏழெட்டுத் தலைகள் திரும்பின. பச்சைக் கோட்டு போட்ட ஒருத்தி கையைத் தூக்கினாள். "நான்தான், கண்ணு. வா, என் பின்னால நில்லு."