நூற்றுப் பதினான்காம் பக்கம்

பன்னிரண்டாவது நாற்காலியை விரிக்கும்போது அதன் மடிப்பு பேராசிரியரின் விரலைப் பதம் பார்த்துவிட்டது. விரலை உதறிக்கொண்டே அடுத்ததை எடுத்தார். நாற்காலி போட ஆட்கள் இல்லாமல் இல்லை. ஆனால் உள்ளே கூடத்தில் தங்கையைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து அழத் தெரியாத மனிதருக்கு வாசலில் ஏதாவது ஒரு வேலை தேவைப்பட்டது. முப்பத்தெட்டு வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர், மணி அடித்த பிறகும் பேச்சை நிறுத்தாதவர் என்று பெயரெடுத்தவர், காலையிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசவில்லை.

தங்கைக்கு ஐம்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் டீச்சர். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், பத்தாம் நாளான நேற்று மத்தியானம் போய்ச் சேர்ந்துவிட்டாள். வண்டி பதினோரு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

பத்து மணிக்குப் பள்ளிப் பேருந்து தெருமுனையில் நின்றது. சீருடையில் நாற்பது பிள்ளைகள் சத்தமில்லாமல் இறங்கி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வந்தவர் பள்ளி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள். அழுது வீங்கிய கண்களோடு நேராகப் பேராசிரியரிடம் வந்து நின்றார்.

"நீங்கதானே டீச்சரோட அண்ணன்?"

"ஆமா."

"அந்த நூத்திப் பதினாலாம் பக்கத்து அண்ணன்?"

பேராசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த நாற்காலி தானாக மடிந்துகொண்டது.

"என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? எங்க பள்ளிக்கூடத்துல உங்களைத் தெரியாத பிள்ளை கிடையாது. வருஷா வருஷம் வானியல் பாடம் ஆரம்பிக்கிற அன்னைக்கு டீச்சர் உங்க புஸ்தகத்துல அந்தப் பக்கத்தை நகல் எடுத்து ஆளுக்கு ஒண்ணு குடுப்பாங்க. பழைய பதிப்பு. நான்தான் நகல் எடுப்பேன். 'இதுல ஒரு தப்பு இருக்கு, கண்டுபிடிங்க'ன்னு விட்டுடுவாங்க. அதனாலேயே பசங்க அவங்களுக்குத் 'தப்பு டீச்சர்'னு பேர் வச்சிருந்தாங்க."

"தப்பு..." என்றார் பேராசிரியர்.

"சாயந்திரப் பிறை. வெளிச்சப் பக்கம் சூரியன் மறைஞ்ச திசையில இருக்கணும்ல? படத்துல அது சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கும். எனக்கே தெரியும் சார், நான் எட்டாவதுதான் படிச்சேன். பசங்க கண்டுபிடிச்சதும் டீச்சர் புதுப் பதிப்பை எடுத்துக் காட்டுவாங்க. 'இதை எழுதினது என் அண்ணன். ஊரே மெச்சின புஸ்தகம். யாரும் ஒரு வார்த்தை சொல்லல. அவரே மாடிக்குப் போய் வானத்தைப் பாத்தாரு, அவரே தப்பைக் கண்டுபிடிச்சாரு, அவரே திருத்தினாரு. தப்பை ஒத்துக்க வெக்கப்படாதவன்தான் படிச்சவன்'ம்பாங்க. இருபது வருஷமா இதே பேச்சுதான்."

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பேராசிரியர் அப்படியே நின்றார். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. நாற்பது பிள்ளைகளும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றியது. உண்மையிலேயே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நடந்தது வேறு. புத்தகம் வெளிவந்த ஆறாம் மாதம் தங்கை போன் செய்தாள். தயங்கித் தயங்கி, அண்ணன் உடம்பையும் அண்ணி உடம்பையும் விசாரித்துவிட்டு, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தாள். "அந்தப் பிறைப் படத்தை மட்டும் ஒரு தடவை பாருங்கண்ணா." அவருக்கு அப்போது தலைகால் புரியாத காலம். இரண்டு பல்கலைக்கழகங்கள் பாடநூலாக வைத்திருந்தன. "பிள்ளைங்களுக்கு ஊசல் ஆட்டிக் காட்டறவ எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டியா? முதல்ல மேல படிச்சிட்டு வா, அப்புறம் என் புஸ்தகத்துல கை வை" என்றார். அவள், "சரிண்ணா. சாயந்திரம் மாடிக்குப் போனா மட்டும் பாருங்க" என்று சொல்லி வைத்தாள்.

ஒரு மாதம் வீம்புக்கு மாடிப்பக்கமே போகாமல் இருந்தார். போய்ப் பார்த்த அன்று, பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. யார் கண்ணிலும் படாமல் அடுத்த பதிப்பில் படத்தை மாற்றினார். முன்னுரையில் பதினான்கு பேருக்கு நன்றி சொன்னார். அச்சகத்தில் தேநீர் வாங்கிக் கொடுத்தவர்வரை அந்தப் பட்டியலில் இருந்தார். தங்கை பெயர் இல்லை. அவளும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. போன் செய்தால் சர்க்கரை எவ்வளவு, மாத்திரை போட்டீர்களா என்பதோடு சரி.

நாற்காலிகளை விட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். தங்கையின் கணவர் துணி துவைக்கும் கல்லில் தனியாக உட்கார்ந்திருந்தார். மரவேலை செய்கிறவர், அதிகம் பேசாத மனிதர்.

"மாப்பிள்ளை, பள்ளிக்கூடத்துல அவ என்னைப் பத்தி என்ன சொல்லிட்டு இருந்தான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மச்சான்."

"நிஜமா என்ன நடந்ததுன்னு..."

"அன்னைக்கு நான் பக்கத்துலதான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். போனை அவ காதுலதான் வச்சிருந்தா. உங்க குரல் என் தட்டு வரைக்கும் கேட்டுச்சு."

பேராசிரியர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் ஏன் அப்படிச் சொன்னா?"

"நானும் கேட்டேன். கோவமாத்தான் கேட்டேன். 'பசங்களுக்குக் காட்ட ஒரு நல்ல உதாரணம் வேணும்ங்க. இருக்கிற அண்ணனை வச்சுத்தானே பண்ண முடியும்'னு சொன்னா."

அவர் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. மனைவி சொன்னதை அப்படியே ஒப்பித்தார், அவ்வளவுதான். அதற்குப் பதில் ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் பேராசிரியர் தாங்கியிருப்பார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இருபது வருஷம், வருஷத்துக்கு நாற்பது பிள்ளைகள் என்று மனசு தன்பாட்டுக்குப் பெருக்கியது. எண்ணூறு பேர்.

வாசலில் வண்டி வந்துவிட்டது. தலைமையாசிரியை பேராசிரியரைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்கே வந்தார்.

"சார், எடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு வார்த்தை பேசணும். பிள்ளைங்க ஆசைப்படுறாங்க. டீச்சரும் ஆசைப்பட்டிருப்பாங்க."

பேராசிரியர் வாசலுக்கு நடந்தார். நடந்து வரும்போதே முடிவு செய்துவிட்டார். சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும், அந்த ஊசல் பேச்சு உட்பட, இந்தப் பிள்ளைகள் முன்னால், அவள் உடம்பு இங்கே இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். இதைக்கூடச் செய்யாவிட்டால் தான் என்ன மனுஷன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

வாசற்படியில் ஏறி நின்றார். பிள்ளைகள் நாற்காலியில் உட்காராமல் வரிசையாக நின்றார்கள்.

"அந்தப் பிறைப் படத்துல இருந்த தப்பை..." ஒருமுறை கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அதை நான் கண்டுபிடிக்கல. உங்க டீச்சர்தான் கண்டுபிடிச்சா. என் தங்கச்சிதான் எனக்குச் சொன்னா."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. முன்வரிசையில் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தலைமையாசிரியை பக்கத்து ஆசிரியரிடம், "பாத்தீங்களா, இப்பவும் பெருமையைத் தங்கச்சிக்கே குடுக்கறாரு. என்ன அடக்கம்!" என்றது நன்றாகவே காதில் விழுந்தது. ஆய்வகத்து அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இல்லம்மா, அது இல்ல..." என்றார் பேராசிரியர்.

மீதியைச் சொல்ல வேண்டும். போனில் பேசியதைச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்குப் பின்னால், வண்டியின் கதவைப் பிடித்தபடி மாப்பிள்ளை நின்றிருந்தார். அந்த இடத்தில் அவர் ஒருவர்தான் அழாமல், நிமிர்ந்து பார்த்துக் காத்திருந்தார்.

பேராசிரியர் பிள்ளைகளைப் பார்த்தார். எல்லார் முகத்திலும் அவர்மேல் அவ்வளவு மரியாதை இருந்தது. முப்பத்தெட்டு வருஷக் கல்லூரி வாழ்க்கையில் எந்த மாணவனும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அவர் வாயைத் திறந்தார்.

"அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தங்கையைத் தூக்கி வந்து வண்டியில் ஏற்றினார்கள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் விலகி அவருக்கு வழிவிட்டார்கள். ஒவ்வொருவரும் "வணக்கம் சார்", "வணக்கம் சார்" என்றார்கள். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. யாரோ ஒரு பையன், அவர் துக்கம் தாங்காமல் நடக்கிறார் என்று நினைத்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

மாப்பிள்ளை ஏற்கெனவே வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார். பேராசிரியர் கதவருகில் வந்து நின்றதும், அவர் முகத்தைப் பார்க்காமல், பக்கத்து இருக்கையில் கிடந்த குடையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக நகர்ந்து இடம் விட்டார்.