ஒட்டுப் போட்ட காடு

அலுவலகத்தில் அவளுக்கு ஒட்டுக்காரி என்று பெயர். அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. வானத்திலிருந்து எடுத்த படங்களைச் சேர்த்து வரைபடம் செய்கிற இடம் அது. எங்காவது மேகம் மறைத்திருந்தால் அந்த இடம் ஓட்டை விழுந்தது போல வெள்ளையாக நிற்கும். அதே இடத்தின் பழைய படத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி, ஓரம் தெரியாமல் ஒட்டுவதுதான் அவள் வேலை. அவள் ஒட்டினால் மேலாளரே மூக்கைத் திரையில் உரசிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் திறமைதான் பிறகு வினையாக வந்து சேர்ந்தது.

தொலைவில் ஒரு காடு. உள்ளே போய்த் திரும்பி வந்து இப்படி இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. அதன் நடுவில் ஓர் இடத்தில், வரைபடத்தில் விரல் நகம் அளவுதான் இருக்கும், எப்போது படம் எடுத்தாலும் மேகம். பழைய படம் என்று ஒன்று இருந்தால்தானே வெட்டி ஒட்ட? மேலாளர் தலைமேல் நின்று அவசரப்படுத்தினார். அவள் வேறொரு மலைக்காட்டுப் படத்திலிருந்து பச்சை பொருந்துகிற துண்டாகப் பார்த்து எடுத்து ஒட்டிவிட்டாள். சுற்றிலும் மரம், நடுவில் சின்னப் பொட்டல். யார் அங்கே போகப்போகிறார்கள் என்ற நினைப்பு.

அந்தத் துண்டு சட்டென்று கைக்கு வந்ததற்குக் காரணம் இருந்தது. கணவனின் அண்ணன் காணாமல் போன மலை அது. ஆரஞ்சு நிறக் கூடாரத்தோடு போனவர் திரும்பவில்லை. அவரைத் தேடுவதற்காக எடுத்த படங்களை அவள் மாதக்கணக்கில் கண் வலிக்கப் பார்த்திருக்கிறாள். ஓர் ஆரஞ்சுப் புள்ளிகூட அகப்படவில்லை. அந்தப் பச்சை மட்டும் கண்ணுக்குள் தங்கிவிட்டது.

கணவனுக்கு வேலை, ஆராய்ச்சியாளர்களைக் காட்டுக்குள் அழைத்துப் போவது. அண்ணன் போனதிலிருந்து, ஆள் மிதிக்காத இடம் என்று யார் சொன்னாலும் பெட்டியைக் கட்டிவிடுவான். மற்றபடி தங்கமான மனிதன். பசி மட்டும் தாங்க மாட்டான். எந்தக் காட்டிலிருந்து பேசினாலும் முதல் பேச்சு, "பசிக்குதும்மா, நீ என்ன சமைச்சே?" என்பதுதான். கேட்டுத் தெரிந்துகொண்டு வயிறெரிவதில் அவனுக்கு ஒரு சுகம்.

அவள் ஒட்டுப் போட்ட அந்தக் காட்டுக்கே அவன் கிளம்பினான். சொல்லிவிட வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் வேலை போகும். அவ்வளவு பெரிய காட்டில் நகம் அளவு இடத்துக்கா போய் நிற்கப்போகிறான் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். காடு முழுக்க மரம் என்றால், கூடாரம் போடுகிறவர்கள் முதலில் பொட்டலைத்தான் தேடுவார்கள் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. பாவம், அவள் கூடாரத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

ஒரு பிற்பகலில் செயற்கைக்கோள் தொலைபேசியில் அழைத்தான். அன்றைக்குச் சமையலைப் பற்றிக் கேட்கவில்லை.

"எல்லாரும் ஆத்தங்கரையில இருக்காங்க. நான் மட்டும் இடம் பாக்க முன்னால வந்தேன். உன் மேப்புல இருக்கற பொட்டல் அச்சு அசலா அப்படியே இருக்கு."

"என்னங்க, அங்க பொட்டலே கிடையாது. அது வேற மலை. மேகம் மறைச்சிருந்துச்சுன்னு நான்தான் ஒட்டுப் போட்டேன்."

அவன் சிரித்தான். "அப்ப நான் எங்க நிக்கறேன், உன் கம்ப்யூட்டருக்குள்ளயா?" பிறகு சிரிப்பு நின்றது. "இரு. ஒரு கூடாரம் தெரியுது. ஆரஞ்சு கலர்."

"கிட்ட போகாதீங்க. உங்க கால்ல விழறேன், திரும்பிடுங்க."

"அண்ணன் உக்காந்திருக்கான். என்னைப் பாத்துக் கையாட்டறான். தலைகூட நரைக்கல..."

சருகுமேல் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் இரண்டு ஆண்கள் சிரிக்கிற சத்தம். இணைப்பு அறுந்தது.

தேடிப் போனவர்கள், அங்கே பொட்டல் என்று எதுவுமே இல்லை என்றார்கள். அவள் திரையில் ஒட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அத்தனை மாதம் தேடியும் கிடைக்காத ஆரஞ்சுப் புள்ளி அங்கே இருந்தது. பக்கத்தில் எள்ளளவில் இரண்டு நிழல்கள். யாருக்கும் கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சில நாளில் மேலாளர் வந்து நின்றார். "மேகமே இல்லாம புதுப் படம் வந்திருக்கு. வெறும் மரம். நீ போட்ட ஒட்டை இன்னிக்கே பிரிச்சு எறிஞ்சிடு. வெளிய தெரிஞ்சா நம்ம மானம் கப்பலேறிடும்."

"சார், அவர் அதுக்குள்ள இருக்கார்."

மேலாளர் கெட்டவரல்ல. ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அழித்தால் அவன் எங்கே போவான்? வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரித்ததை எறியத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? துண்டை ஓரம் சிதையாமல் வெட்டி எடுத்தாள். தன் ஊர்ப் படத்தைத் திறந்தாள். வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் உள்ள குன்றின் சரிவில் அதை வைத்து, கல்யாணப் புடவையின் கிழிசலைத் தைப்பது போல ஓரத்தை இழைத்தாள். வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக அவள் ஒட்டுப் போட்டதில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து, அவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துவிட்டு, சமையலறை ஜன்னலைத் திறந்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. காலையில் முழுக்க மரமாக இருந்த குன்றில் ஒரு பொட்டல். மெல்லிய அடுப்புப் புகை. அதன் அடியில் ஆரஞ்சாக ஏதோ தெரிந்தது.

தொலைபேசி அடித்தது.

"ஏம்மா, இங்கேர்ந்து பாத்தா கீழ நம்ம வீடு மாதிரியே ஒண்ணு தெரியுதே! சமையல்கட்டுல லைட் எரியுது."

"நம்ம வீடுதாங்க. இறங்கி வாங்க."

"அண்ணனை விட்டுட்டு வர மாட்டேன்."

"அவரையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் பசியோட இருப்பீங்க. சாப்பாடு தயாரா இருக்கு."

"பசியா?" என்றான், தனக்கே அது புதிதாக இருப்பவன் போல. "பசியே இல்லம்மா. இங்க வந்ததுலேர்ந்து ஒரு தடவைகூடப் பசிக்கல."

வரப்போகிறவர்கள் உயிரோடு இல்லை என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. ஜன்னலுக்கு வெளியே, சரிவில், இரண்டு கைவிளக்குகள் ஆடி ஆடி இறங்கத் தொடங்கியிருந்தன. கொல்லைக் கதவைச் சாத்துவதற்கு வேண்டிய நேரம் இருந்தது.

அவள் போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். திரும்பி வந்து மூன்று தட்டுகளை எடுத்து வைத்தாள்.