பதினாலு நாள்

நான் வாத்தியார். பாளையங்கோட்டையில் அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்க வருகிறவர்களுக்குப் பொது அறிவு நடத்துகிறேன். வகுப்பில் வாய் ஓயாமல் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ஒரே மூச்சில் படித்துத் தள்ளாதீர்கள். இன்று படித்ததை மூன்று நாள் கழித்து எடுங்கள். பிறகு ஒரு வாரம் கழித்து, அதற்குப் பிறகு இரண்டு வாரம் கழித்து. மறக்கப் போகிற நேரத்தில் தட்டி எழுப்பினால்தான் அது மனசில் உட்காரும். ஊருக்கெல்லாம் இதைச் சொன்ன மகானுபாவன் சொந்த விஷயத்தில் என்ன செய்தான் என்று கேளுங்கள்.

லிண்டாவும் நானும் பிரிந்தபோது எங்கள் மகள் ரெனிஷாவுக்கு மூன்று வயது. பிள்ளை அம்மாவோடு வள்ளியூரில் இருக்கட்டும் என்று முடிவானது. நான் பார்ப்பதற்கு இரண்டு வழி சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை கோர்ட்டில் இருக்கிற குழந்தைகள் அறையில் இரண்டு மணி நேரம். இல்லையென்றால் வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாதம் முழுசாக என் வீட்டில்.

"ரெண்டு மணி நேரம் பாத்துட்டுப் போகதுக்கு அவ என்ன ஆஸ்பத்திரியிலயா கெடக்கா?" என்று வீறாப்பாகக் கேட்டுவிட்டு மே மாதத்தை வாங்கிக்கொண்டேன்.

முதல் மே மாதத்துக்கு லீவு போட்டேன். சின்ன வாளி ஒன்றும் சின்னத் தட்டு ஒன்றும் வாங்கினேன். பத்து நாள் அம்மா, அம்மா என்று அழுதாள். அடுத்த பத்து நாள் என் பின்னாலேயே நடந்தாள். கடைசிப் பத்து நாளில் குறுக்குத்துறை ஆற்றில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தலையை முக்கி எழுந்திருக்கப் பழகிவிட்டாள். தூக்கத்தில்கூட 'எப்பா' என்றாள். முப்பத்தொன்றாம் தேதி அவளை வள்ளியூரில் விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது, நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

அதற்கப்புறம் பதினோரு மாதம். போனில் பேசலாமே என்பீர்கள். அந்த வயதுப் பிள்ளை போனில் தன் கால் பெருவிரலை இரண்டு நிமிஷம் காட்டும். பிறகு போனைத் தரையில் போட்டுவிட்டு ஓடிவிடும். நான் அவர்கள் வீட்டு ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சின்ன வாளி குளியலறையில் கவிழ்ந்தே கிடந்தது. வீட்டில் ஒரு குரலாவது கேட்கட்டும் என்று டிவியை ஓடவிட்டுவிட்டு வேறு அறையில் இருப்பேன்.

இந்த வருஷம் மே முதல் தேதி கூப்பிடப் போனேன். ரெனிஷா அவள் அம்மாவின் துப்பட்டாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா யாரும்மா?" என்றாள்.

வாசல் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

மறுபடியும் பத்து நாள் அம்மா, அம்மா. ஆற்றில் கால் வைக்கவே பயந்து அலறினாள். மாதக் கடைசியில் மறுபடியும் 'எப்பா' வந்தது. அது வந்த நாலாம் நாள் கொண்டுபோய் விட்டேன்.

ஜூலையில் ஒரு நாள், முஃபீதா என்கிற மாணவி விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்கி நின்றாள்.

"லீவுல ஒரு மாசம் பூரா வரலாறுதான் சார் படிச்சேன். அப்ப எல்லாம் தெரிஞ்சுது. இப்ப ஒண்ணுமே நெனவுல இல்ல."

"ஒரு மாசம் விழுந்து விழுந்து படிச்சுட்டு, அப்புறம் திரும்பியே பாக்கலன்னா எப்படிம்மா நிக்கும்?" என்று எரிந்து விழுந்தேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்து, பைக்குகள் நிறுத்துகிற இடத்தில் வெகுநேரம் நின்றேன். பாவம், அந்தப் பெண் தன்னால்தான் என்று பயந்துபோயிருப்பாள்.

மறுநாள் வக்கீலிடம் போய், மே மாதம் வேண்டாம், சனிக்கிழமையே போதும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"எழுநூத்துச் சொச்சம் மணி நேரத்தக் குடுத்துட்டு அம்பத்திரெண்டு மணி நேரத்த வாங்குதேங்கீரே. நீரு வாத்தியாருதானவே?"

லிண்டா போனில் கேட்டதுதான் சுருக்கென்றது. "பிள்ளை அலுத்துட்டாளா உங்களுக்கு?"

"இல்ல லிண்டா. பதினோரு மாசத்துல அவ என்னைய முழுசா மறந்துருதா. மறக்கதுக்கு முன்னால நான் வரணும்."

"சனிக்கிழமை கூட்டிட்டு வாரேன்" என்றாள்.

அன்றைக்கு வாளியையும் தட்டையும் பரணில் ஏற்றினேன். இனி அவள் என் வீட்டில் தூங்க மாட்டாள். ஈரத் தலையோடு என் மடியில் வந்து உட்கார மாட்டாள். அதையெல்லாம் நானே என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தப்புக் கணக்காக இருந்தால் திருத்த இன்னொரு பிள்ளைப் பருவம் வராது.

முதல் சனிக்கிழமை அவள் லிண்டாவின் மடியை விட்டு இறங்கவில்லை. இரண்டாவது தடவை, அறையின் மறுகோடியில் உட்கார்ந்து படம் வரைந்தாள். மூன்றாவது தடவை, என்னையும் ஒரு தென்னைமரம் வரையச் சொன்னாள். மட்டைக்குப் பச்சை க்ரயானை அழுத்தித் தேய்த்ததில் அது இரண்டாக ஒடிந்தது. அவள் முகம் சுண்டிவிட்டது. அதோடு நேரம் முடிந்தது.

அந்தப் பதினாலு நாளும் ஒடிந்த க்ரயானைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிடைத்த இரண்டு மணி நேரத்தையும் கெடுத்துக்கொண்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நாலாவது சனிக்கிழமை அவள் கதவுப் பக்கமிருந்து நேரே என்னிடம் நடந்து வந்தாள். மூடியிருந்த கையை விரித்தாள். உள்ளே ஒடியாத ஒரு பச்சை க்ரயான், வியர்வையில் பிசுபிசுத்துக் கிடந்தது.

"அன்னைக்கு நீங்க ஒடிச்சிட்டீங்கள்லா. அதான் எடுத்துட்டு வந்தேன்."

லிண்டா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒரு வாரமா தலமாட்டுலயே வச்சுட்டுத் தூங்குதா. என்னையத் தொடவிடல."

நான் வரைந்தேன். பைய வரைந்தேன். நேரமானதும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, க்ரயானை என் கையில் திணித்து, "அடுத்த தடவையும் ஒடிக்கப்பிடாது, என்ன?" என்றாள். சரி என்றேன். அன்றைக்கு அவள் என்னை அப்பா என்று கூப்பிடவில்லை. மாமா என்றும் கூப்பிடவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்தேன். டிவியைப் போடவில்லை. க்ரயானைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, காலண்டரில் விரல் வைத்து எண்ணினேன். பதினாலு நாள் இருந்தது.