பெக்மன் வீட்டு நிலவறையில் கடல்

1986 அக்டோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆர்லிஸ் பெக்மன் வீட்டு நிலவறையில் கடல் ஏறியது. அமெரிக்காவின் நட்டநடுவில், நெப்ராஸ்கா மாநிலத்துச் சிற்றூரான ஹார்லன் ஸ்பரிலிருந்து கடலைப் பார்க்க இரண்டு நாள் கார் ஓட்ட வேண்டும். அவளோ அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள், நாற்பத்தோரு வயது, தனிக்கட்டை. ஞாயிறுதோறும் மூன்று பேரை மேசையைச் சுற்றி உட்காரவைத்துக் கதை விளையாட்டு நடத்துவாள். கடலையும் மூடுபனியையும் கப்பலுக்கு அடியில் கிடக்கிறதையும் அவள் சொல்ல, தங்கள் மாலுமி என்ன செய்கிறான் என்பதை மற்றவர்கள் சொல்ல, பலித்ததா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லும்: பெரிய எண் விழுந்தால் பலித்தது, ஒன்று விழுந்தால் படுதோல்வி. அன்று அவள் "அலை அடிக்கிறது" என்றாள். கணுக்கால்வரை உப்புத் தண்ணீர் வந்தது. ஐந்து மணிக்கு ஆட்டம் முடிந்ததும் வடிந்துவிட்டது. டயர் கடை கோர்டி துணி காயவைக்கும் எந்திரத்தை மேல்தளத்துக்குத் தூக்கிக் கொடுத்தான். அதற்குமேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நாலரை வருடம் இப்படிப் போனது. பள்ளிக்கூடச் சமையல்காரி ட்விலா தின்பண்டம் கொண்டுவருவாள். மருந்துக்கடை லைமன், மனைவியை இழந்தவர், பகடையை உருட்டுமுன் சட்டையில் துடைப்பார். அந்தத் துடைப்பைப் பார்ப்பதற்காகத்தான் ஆர்லிஸ் வாரம் முழுக்கக் கதை எழுதினாள் என்பது லைமனைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

1991 மார்ச்சில் அவள், "உங்களுக்குத் தெரிஞ்ச குரல்ல கடல் கூப்பிடுது" என்றாள். யார் குரல் என்று அவள் எழுதிவைத்திருக்கவில்லை. ஆனால் தண்ணீருக்குள்ளிருந்து லைமனின் செத்துப்போன மனைவி இனெஸின் குரல் வந்தது. மாலுமி போகாமல் நிற்கிறானா என்று லைமன் உருட்டினார், ஒன்று விழுந்தது. "வரேன்மா" என்று சொல்லி நாற்காலியிலிருந்து இறங்கினார். முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீரில் தலை மறைய மூழ்கிப்போனார். காவல் அதிகாரி ஷெரீஃப் வந்து துடைப்பக் கட்டையால் துழாவிவிட்டுப் போனார்.

மற்ற இருவரும் வருவதை நிறுத்தினார்கள். ஆர்லிஸ் நிறுத்தவில்லை. ஞாயிறுதோறும் காலி நாற்காலிகளுக்குக் கடலைச் சொன்னாள், லைமன் பிடித்து ஏறக் கயிறு இறக்கினாள். ஆனால் கதை சொல்கிறவள் மாலுமிக்காகப் பகடை உருட்டக் கூடாது, அது விதி. லைமனுக்காக உருட்ட வரச்சொல்லிக் கோர்டியிடம் போய்க் கேட்டாள். "கால்ல விழுந்து கேட்டாலும் அந்தப் படியில இறங்க மாட்டேன், ஆர்லிஸ்" என்றான். பன்னிரண்டு வருடம் கயிறு வெறுமனே கிடந்தது.

2003-ல் ட்விலா தானாகவே வந்து கதவைத் தட்டினாள். "என் வீட்டுக்காரர் போன மாசம் போயிட்டார்டி. ஞாயித்துக்கிழமையை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னே தெரியல" என்றாள். உட்கார்ந்து உருட்டினாள். பத்தொன்பது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு லைமன் ஏறி வந்தார். ஒரு நாள்கூட மூப்படையவில்லை. ஆர்லிஸ் துண்டு கொடுத்தாள். அவர் அவளுடைய நரைத்த தலையை வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு நாளா இழுத்துக்கிட்டா இருந்தே?"

"ஞாயிறு மட்டும்தான்."

"ஆர்லிஸ், இனெஸ் அங்க தனியா இருக்கா. என்னை விட்டுடேன்."

அந்த மேசையில் ஆயிரம் தடவை கேட்ட கேள்வியை அவள் மறுபடி கேட்டாள்: "என்ன செய்யறீங்க, லைமன்?"

"இறங்கறேன்."

பகடை வேண்டாம் என்று ஆர்லிஸ் கையால் மறித்தாள். தண்ணீர் மூடியதும் ட்விலா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து மணி ஆகியும் இருவரும் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை தபால் நிலையத்தில் ஆர்லிஸ் முகவரி மாற்றப் படிவம் ஒன்றை நிரப்பினாள். பெயர்: லைமன் ஓட்டிஸ். புதிய முகவரி: கடல், பெக்மன் வீட்டு நிலவறை. அதிகாரி ஊர்க் குறியீட்டெண்ணை மட்டும் சரிபார்த்துக் கையெழுத்திட்டார். லைமனுக்கு வரும் விதைப் பட்டியல்களையும் தேவாலயச் செய்தித்தாளையும் ஞாயிறுதோறும் அவளே தண்ணீரில் விடுகிறாள். அவை மிதப்பதில்லை, நேராக இறங்கிவிடுகின்றன. பதில் என்று இதுவரை எதுவும் வந்ததில்லை.